ஜப்பான் ஏன் சுருங்குகிறது? வன்னியில் இருந்து ஒரு எளிய விளக்கம்

எங்கள் பக்கத்து வளவுப் பிள்ளை ஜப்பான் மொழி படிக்கத் தொடங்கி ஆறு மாதமாகிறது. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போவதற்கான படிப்பு. அந்த வேலையை அவர்கள் மொழியில் 'கைகோ' என்கிறார்கள். பழகிப் பார்க்க அவளுக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. பின்னேரங்களில் அம்மம்மாவைக் கட்டிலில் மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைப்பாள். முதுகுக்குத் தலையணை, முழங்கால்களுக்கு இடையில் மடித்த துவாய். பிறகு குனிந்து காதருகே "இத்தாய் தெசு கா?" என்று கேட்பாள். நோகுதா என்று அர்த்தம். "என்னடி பிள்ளை கேக்கிறாய்?" என்று அம்மம்மா திருப்பிக் கேட்பா.

ஒருநாள் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டாள். "சேர், அவ்வளவு காசுள்ள நாடு. தங்கட அம்மம்மாமாரைப் பாக்க அங்க ஆக்கள் இல்லையோ?"

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவன். குடித்தொகைப் பாடத்தை எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனாலும் அந்த நேரம் "அங்க பிள்ளையள் பிறக்கிறது குறைவு" என்ற ஒரு வரிதான் வாயில் வந்தது. பிழையான வரி இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது போதாது. ஆறுதலாக இருந்து அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். கணக்குப் பாடம் என்றாலே ஓடுகிற என் மாணவர்களுக்கும் விளங்கவேண்டும் என்று நினைத்தே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஒரு ஊரின் ஆட்தொகை மூன்று வாசல்களால்தான் கூடும், குறையும். பிறந்து வருவது ஒன்று. இறந்து போவது ஒன்று. இடம்பெயர்ந்து வருவதும் போவதும் மூன்றாவது. இந்த மூன்றாவது வாசல் எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திராது. 2009இல் வன்னியின் பெரும்பகுதி ஆளில்லாமல் கிடந்தது. பிறகு மீள்குடியேற்றம். 2012 குடிசன மதிப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 92 ஆயிரம் பேர். 2024 மதிப்பில் 1 இலட்சத்து 22 ஆயிரம். இலங்கையின் 25 மாவட்டங்களிலும் ஆண்டு வளர்ச்சி வீதம் ஆகக் கூடியது முல்லைத்தீவில்தான்: 2.23 சதவீதம். ஆகக் குறைந்தது எங்கே? பக்கத்திலேயே, வவுனியாவில். இரண்டு மதிப்புகளிலும் 1 இலட்சத்து 72 ஆயிரம்தான். வளர்ச்சி 0.01 சதவீதம்.

இந்த இரண்டு எண்களை வைத்து முல்லைத்தீவில் வீட்டுக்கு ஐந்து பிள்ளை, வவுனியாவில் பிள்ளையே பிறப்பதில்லை என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்வோமா? முல்லைத்தீவின் எண்ணில் ஊர் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். வவுனியாவின் எண்ணில் இருந்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஒரு எண்ணைக் கண்டால் அது எந்த வாசலால் வந்தது என்று கேட்கப் பழகவேண்டும். என் வகுப்பில் இந்தப் பாடத்தின் முதல் நாள் நான் படிப்பிப்பது இது ஒன்றைத்தான்.

இனி ஜப்பான். அங்கே மூன்றாவது வாசல் நீண்ட காலம் ஏறக்குறையச் சாத்தியே கிடந்தது. வெளிநாட்டவர் மிகக் குறைவு. ஆகவே கதை முழுக்க முதல் இரண்டு வாசல்களில்தான். 2008இல் அந்த நாட்டின் குடித்தொகை உச்சத்தைத் தொட்டது: ஏறக்குறைய 12 கோடியே 80 இலட்சம். 2024இல் 12 கோடியே 38 இலட்சம். அந்த ஒரு வருடத்தில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 6 இலட்சத்து 86 ஆயிரம், இறந்தவர்கள் 16 இலட்சம். இடைவெளி 9 இலட்சத்துக்கு மேல். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கு மாவட்டங்களிலும் உள்ள எல்லோரையும் கூட்டினாலும் ஆறு இலட்சத்தை எட்டாது. ஒரு முழு வன்னியும் இன்னொரு அரை வன்னியும் ஒவ்வொரு வருடமும் அந்த நாட்டில் இருந்து கழிகிறது என்று நினைத்துப் பாருங்கள். குண்டு இல்லை, பஞ்சம் இல்லை, கொள்ளைநோய் இல்லை. வீட்டில், ஆஸ்பத்திரியில், வயது முடிந்து இறக்கிறார்கள். அந்த இடங்களை நிரப்பப் பிள்ளைகள் இல்லை.

விதைநெல் கணக்கு

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுவாள் என்பதைப் பாடப்புத்தகம் 'மொத்தக் கருவள வீதம்' என்கிறது. இது 2.1 அளவில் இருந்தால் குடித்தொகை கூடாமல் குறையாமல் நிற்கும். ஏன் 2 இல்லை, 2.1? தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. ஆனால் பிறக்கிற பிள்ளைகளில் ஆண்கள் சற்றுக் கூட. பெண் பிள்ளைகளிலும் சிலர் தாயாகும் வயதுக்கு முன் இறந்துவிடுகிறார்கள். அந்த இழப்பை ஈடுசெய்யத்தான் அந்த .1.

2024இல் ஜப்பானின் எண் 1.15. கேட்கும்போது 2.1க்கும் 1.15க்கும் பெரிய தூரம் இல்லாதது போலத் தெரியும். கணக்கைச் செய்து பார்ப்போம். 100 ஆண்கள், 100 பெண்கள், மொத்தம் 200 பேர். பெண்ணுக்கு 1.15 வீதம் 115 பிள்ளைகள். அதில் பெண்கள் 56. அந்த 56 பேருக்கும் அதே வீதத்தில் 64 பிள்ளைகள். அதில் பெண்கள் 31. அவர்களுக்கு 36. இருநூறு பேரின் பூட்டப்பிள்ளைகள் 36 பேர். மூன்றே தலைமுறை.

வயல் செய்கிற வீட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலபோக வெட்டு முடிந்ததும் அடுத்த விதைப்புக்கென்று நெல்லைத் தனியே சாக்கில் கட்டி வைப்பார்கள். அதில் இந்த வருடம் பாதியைத்தான் வைத்தோம் என்றால் அடுத்த வருடம் விளைவது பாதி. அந்தப் பாதி விளைச்சலில் இருந்துதான் அதற்கடுத்த விதைநெல்லை எடுக்கவேண்டும். அதையும் பாதியாக வைத்தால்? இன்று பிறக்காத பெண் பிள்ளை இருபத்தைந்து முப்பது வருடம் கழித்து இல்லாத தாய். அன்றைக்குக் காசு கொடுத்தாலும் சட்டம் போட்டாலும் இல்லாத தாயை உண்டாக்க முடியாது.

இதில் ஆகக் கவனிக்க வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. ஜப்பானில் பெண்ணுக்கு 2.1 பிள்ளை என்ற அளவுக்குக் கீழே இறங்கியது 1974இல். ஆனால் ஆட்தொகை குறையத் தொடங்கியது 2008க்குப் பிறகு. இடையில் 34 வருடங்கள் நாடு வளர்ந்துகொண்டே இருந்தது! எப்படி? விதைநெல் குறைந்த வருடமும் வீட்டுக் கொம்பறையில் பழைய நெல் கிடக்கும். அது முடியும்வரை பசி தெரியாது. அதுபோல, முன்பு கூட்டமாகப் பிறந்தவர்கள் தாய்மாராக இருந்த காலம் வரை, ஒவ்வொருவரும் குறைவாகப் பெற்றாலும் மொத்தப் பிறப்பு இறப்பை விடக் கூடவே இருந்தது. வயதானவர்கள் அப்போது குறைவு. ஆகவே இறப்பும் குறைவு. பாடப்புத்தகம் இதைக் குடித்தொகை உந்தம் என்று சொல்லும். சைக்கிள் மிதிப்பதை நிறுத்திய பிறகும் உருண்டுகொண்டு போகுமே, அந்த விசைதான். நின்றபின் திரும்ப ஓட்டுவது எவ்வளவு கடினமோ, குறையத் தொடங்கிய குடித்தொகையைத் திருப்புவதும் அவ்வளவு கடினம். இப்போது அங்கே பெண்ணுக்கு 2.1 பிள்ளை என்று நாளைக்கே மாறினாலும், தாய்மார் தொகை சிறிது என்பதால், இன்னும் பல பத்தாண்டுகள் எண் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

கூம்பகத்தைப் பார்க்கப் பழகுதல்

கரும்பலகையில் நடுவே ஒரு நேர்கோடு. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். அடியில் 0 முதல் 4 வயது, அதற்கு மேல் 5 முதல் 9, இப்படியே மேலே 80, 90 வரை. ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேரோ அவ்வளவு நீளத்துக்குப் பட்டை. இதுதான் குடித்தொகைக் கூம்பகம். பிள்ளைகள் நிறையப் பிறக்கும் நாட்டில் அடி அகன்று நுனி கூராகி, பெயருக்கேற்பக் கூம்பாகவே நிற்கும். 1950இல் ஜப்பானும் அப்படித்தான் இருந்தது. இன்றைய ஜப்பானை வரைந்தால் பம்பரம் போல வரும். அடி ஒடுங்கி, மேலே அகன்று.

அந்தப் பம்பரத்தை உற்றுப் பார்த்தால் ஒரு நாட்டின் வரலாறே தெரியும். 75 வயதுக்கு மேலே ஒரு பெரிய புடைப்பு. போர் முடிந்து படையினர் வீடு திரும்பிய பின், 1947 முதல் 1949 வரை பிறந்தவர்கள் அவர்கள். 1949இல் மட்டும் ஏறக்குறைய 27 இலட்சம் குழந்தைகள். 2024இல் பிறந்ததுபோல நான்கு மடங்கு. சற்றுக் கீழே, ஐம்பது வயதை ஒட்டி இன்னொரு புடைப்பு. அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள், 1970களின் முற்பகுதியில் பிறந்தவர்கள். 1973இல் 20 இலட்சத்துக்கு மேல். முறைப்படி 2000ஆம் ஆண்டை ஒட்டி மூன்றாவது புடைப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. அந்த இடம் சமதரையாகக் கிடக்கிறது. இரண்டாவது புடைப்பில் பிறந்தவர்கள் படிப்பு முடித்து வேலை தேடிய 1990களில் ஜப்பானின் பொருளாதாரம் விழுந்தது. நிரந்தர வேலை கிடைக்கவில்லை. வேலை இல்லாதவன் கல்யாணம் கட்டவில்லை. கல்யாணம் தள்ளிப்போனவர்களுக்குப் பிள்ளை வரவில்லை. ஒரு தலைமுறையின் பத்து வருடக் கஷ்டம் கூம்பகத்தில் என்றைக்கும் அழியாத பள்ளமாக விழுந்துவிட்டது.

இந்த இரண்டு புடைப்புகளுக்கும் நடுவே, 1966இல், ஒரே ஒரு வருடத்துக்குக் கத்தியால் வெட்டினதுபோல ஒரு தடம் இருக்கும். மாணவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்களுக்கு அறுபது வருடச் சுற்று இருப்பதுபோல அவர்களுக்கும் உண்டு. அதில் 'நெருப்புக் குதிரை' என்றொரு வருடம். அந்த வருடம் பிறந்த பெண் புருசனுக்கு ஆகாதவள் என்பது நம்பிக்கை. பெண் மூலம் நிர்மூலம் என்று எங்கள் ஆட்கள் எத்தனை பெண்களின் சாதகத்தை ஒதுக்கியிருக்கிறார்கள், அதே கதைதான். அதற்குப் பயந்து 1966இல் பிறப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு விழுந்தது. அடுத்த வருடமே பழையபடி ஏறிவிட்டது. அந்த வெட்டு வருடத்தில் பெண்ணுக்கு 1.58 பிள்ளை. ஆனால் 1989இல், எந்தச் சாத்திரப் பயமும் இல்லாத சாதாரண வருடத்தில், எண் 1.57 ஆனது. அதைக் கண்டுதான் அரசாங்கம் முதன்முதலாகத் திடுக்கிட்டது. '1.57 அதிர்ச்சி' என்று இன்றும் சொல்கிறார்கள். சைக்கிள் உருளத் தொடங்கி அப்போதே பதினைந்து வருடமாகிவிட்டது.

எங்கள் வன்னியின் கூம்பகத்தை வரைந்தால் அதில் இருக்கும் வெட்டு வேறு விதமானது. அதை யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. என் வயதுக்காரர் பட்டையில், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களின் இடம் அது.

கிழவர்கள் கூடியதால் வந்த வினையா?

பலர் இதைத்தான் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். "அங்க ஆக்கள் சாகிறதில்லை, அதாலதான் நாடு கிழடாப்போச்சு" என்று கடைத்தெருவில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜப்பானில் ஆயுள் நீண்டது உண்மைதான். பெண்களுக்குச் சராசரி 87 வயது, ஆண்களுக்கு 81. நூறு வயது கண்டவர்களை அரசாங்கம் கணக்கெடுக்கத் தொடங்கிய 1963இல் நாடு முழுக்க 153 பேர். 2024இல் 95 ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொரு செப்டெம்பரிலும் முதியோரைக் கௌரவிக்கும் நாள் ஒன்று அங்கே அரசாங்க விடுமுறை. பேரப்பிள்ளையின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுக் கண்மூடுவது பேறு இல்லையா?

ஒரு நாடு மூப்படைவது என்றால் அந்த நாட்டில் முதியோரின் பங்கு கூடுவது. பத்துப் பேர் இருக்கும் வீட்டில் இரண்டு கிழவர் என்றால் ஐந்தில் ஒன்று. அதே வீட்டில் பிள்ளைகள் குறைந்து நான்கு பேர் ஆனால், அதே இரண்டு கிழவர் இப்போது பாதி. கிழவர் கூடவில்லை, கீழே ஆள் குறைந்துவிட்டது. நீண்ட ஆயுளும் சேர்கிறதுதான், ஆனால் கூம்பகத்தைப் பம்பரம் ஆக்கியது அடியின் ஒடுக்கம். இன்று ஜப்பானில் நூறு பேரில் 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள்.

இது வளர்ந்த நாடு எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வரிசையில் வருவது. முதலில் இறப்பு விழும், பிறகு பிறப்பு விழும். எங்கள் மண்ணிலேயே அதன் முதல் படியைக் கண்டவர்கள் இருந்தார்கள். வன்னி என்றாலே மலேரியாக் காய்ச்சல் என்று பயந்து ஆட்கள் குடியேறத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. 1946இல் வீடு வீடாக டி.டி.ரி மருந்து அடிக்கத் தொடங்கினார்கள். இலங்கையில் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த வருடாந்த இறப்பு 1947இல் 14 ஆனது. பிள்ளைகள் தப்பிப் பிழைக்கத் தொடங்கியபின் நிறையப் பெறவேண்டிய தேவை குறைந்தது. என் அப்பம்மாவுக்கு ஒன்பது பிள்ளைகள், அதில் மூன்று சின்னனிலேயே போய்விட்டது. அம்மாவுக்கு ஐந்து. எங்களுக்கு இரண்டு. இதில் யாரும் குற்றவாளி இல்லை.

ஆனால் இரண்டோடு நிற்காமல் ஒன்று, ஒன்றும் இல்லை என்று இறங்கியதுதான் ஜப்பானின் விடயம். அங்கே கல்யாணத்துக்கு வெளியே பிறக்கும் பிள்ளை நூற்றுக்கு இரண்டு அளவில்தான். ஆகவே கல்யாணம் குறைந்தால் பிறப்பு நேராகக் குறையும். 50 வயது வரை கல்யாணமே செய்யாத ஆண்கள் 1970இல் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2020இல் 28 பேர். பெண்களில் 18 பேர். தோக்கியோவில் ஒரு அறை வாடகை, இரவு ஒன்பது பத்து மணிவரை நீளும் அலுவலக வேலை, பிள்ளையின் படிப்புச் செலவு, வேலைக்குப் போய்வந்த பிறகும் சமையலும் துடைப்பும் பெண்ணின் தலையிலேயே விழுவது. "பெம்பிளையள் படிச்சுப்போட்டாளவை, அதான் பிள்ளை பெறுறேல்லை" என்று சுருக்கிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. படித்த பெண் பிள்ளையும் பெற்று வேலையும் செய்யக்கூடிய மாதிரி வீட்டையும் கந்தோரையும் மாற்றாமல் விட்டவர்களைத்தான் நான் கேள்வி கேட்பேன்.

நாலு பேர் வேண்டும்

ஒரு மனிசனை அனுப்பிவைக்க நாலு பேர் வேண்டும் என்பது எங்கள் வழக்கு. அனுப்பிவைக்கும் முன்னே, இருக்கும்போது தாங்கவும் ஆள் வேண்டும். 1950இல் ஜப்பானில் 65 தாண்டிய ஒருவருக்கு வேலை செய்யும் வயதில் 12 பேர் இருந்தார்கள். இப்போது 2 பேர். 2070இல் 1.3 ஆகும் என்று அவர்களுடைய ஆய்வு நிறுவனமே கணித்திருக்கிறது. ஓய்வூதியம் வேலை செய்பவர் கட்டும் பணத்தில் இருந்து வருகிறது. ஆஸ்பத்திரிச் செலவும் அப்படியே. பஸ் ஓட்ட, பாலம் திருத்த, வயல் உழ, கிழவியைக் குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு பேர்தான்.

ஊர்களில் இது எப்படி இருக்கும்? சிகோகு தீவின் மலைப் பள்ளத்தாக்கில் நகோரோ என்ற சிறு கிராமம். ஒரு காலத்தில் முந்நூறு பேர் இருந்த ஊரில் இப்போது முப்பது பேர்கூட இல்லை. அங்கே பிறந்து ஒசாக்காவில் வாழ்ந்த ஒரு பெண் தகப்பனைப் பார்ப்பதற்காக ஊர் திரும்பினார். தோட்டத்தில் போட்ட விதையைக் குருவிகள் தின்றன. ஒரு வெருளி செய்து வைத்தார். அதைத் தகப்பனின் சாயலில் செய்தார், அவருடைய உடுப்பையே போட்டு. வழியால் போனவர்கள் அதற்கு வணக்கம் சொன்னார்களாம். பிறகு ஊரில் ஒருவர் இறந்தாலோ விட்டுப் போனாலோ அவர் சாயலில் ஒரு பொம்மை செய்யத் தொடங்கினார். இன்று அந்த ஊரில் ஆட்களைப்போல பத்து மடங்குக்கு மேல் பொம்மைகள். பஸ் தரிப்பிடத்தில் காத்திருக்கிறார்கள், வரம்பில் குந்தியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் 2012இல் கடைசி இரண்டு பிள்ளைகளோடு மூடப்பட்டது. இப்போது வகுப்பறை மேசைகளில் பொம்மைகள் இருக்கின்றன, கரும்பலகைக்கு முன்னால் பொம்மை ஆசிரியர் நிற்கிறார்.

எங்கள் வயல்களிலும் வெருளி நிற்கிறது. பழைய சேட், தலைக்குப் பானை. அது குருவியைக் கலைக்க. ஆளுக்குப் பதிலாக நிற்க இல்லை. அந்த வகுப்பறையின் படத்தைப் பார்த்த அன்று எனக்கு அதிக நேரம் பேச முடியவில்லை.

நகரங்களும் தப்பவில்லை. ஹொக்கைடோவில் யூபாரி என்ற நிலக்கரி நகரம், 1960இல் ஒரு இலட்சத்துக்கு மேல் ஆட்கள் இருந்த இடம், 2007இல் நகரசபையே வங்குரோத்தாகிவிட்டது. இப்போது ஏழாயிரம் பேர்கூட இல்லை. நாடு முழுக்க ஆளில்லாத வீடுகள் 2023 கணக்கில் 90 இலட்சம். வீட்டில் தனியே இறந்து கிடந்தவர்களைப் பொலிஸ் 2024இல் எண்ணியபோது ஏறக்குறைய 76 ஆயிரம் பேர். அவர்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள்.

அவர்கள் கைகட்டிக்கொண்டு இருக்கவும் இல்லை. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் பராமரிப்புக் காப்புறுதி என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். இதை நான் உண்மையாகவே மதிக்கிறேன். 40 வயதில் இருந்து எல்லோரும் மாதாமாதம் சிறு தொகை கட்டவேண்டும். முதுமையில் குளிப்பாட்ட, உணவு ஊட்ட, வீட்டுக்கு ஆள் வர, பகல் நிலையத்துக்குப் போக என்று தேவை வந்தால் செலவில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்குதான் குடும்பம் கட்டும். கிழவியைப் பார்ப்பது மருமகளின் தலைவிதி என்று விடாமல், ஊர்ப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். 65 தாண்டியவர்களில் நாலில் ஒருவர் இன்னும் வேலை செய்கிறார். ஒக்கயாமா மாகாணத்தில் நாகி என்ற சிறிய ஊர், பிள்ளை பெற்றவர்களுக்கு வீடு, மருத்துவம், பிள்ளை பார்க்க ஆள் என்று வருடக்கணக்காகச் செலவழித்து, 2019இல் பெண்ணுக்கு 2.95 பிள்ளை வரை கொண்டுவந்தது. ஆனால் ஒரு சிறிய ஊர் செய்ததை முழு நாடும் செய்வது வேறு காரியம். 2024இல் தோக்கியோவின் எண் ஒன்றையும் தொடவில்லை.

கடைசியில் சாத்திக் கிடந்த மூன்றாவது வாசலைத் திறந்தார்கள். 2019இல் புதிய தொழில் விசா ஒன்று வந்தது. அதே வருடம் இலங்கையோடும் உடன்படிக்கை எழுதினார்கள். 2040இல் 27 இலட்சம் பராமரிப்பாளர்கள் தேவை, அது 2022இல் இருந்ததை விட 5 இலட்சத்து 70 ஆயிரம் கூட என்பது அவர்களுடைய சுகாதார அமைச்சின் கணக்கு. பக்கத்து வளவுப் பிள்ளை கேட்ட கேள்விக்கு நேரான பதில் இந்த எண்தான். அவளுடைய அம்மம்மா வயதில் அங்கே கட்டிலில் கிடப்பவர்களுக்கு, 1990களில் பிறந்திருக்க வேண்டிய பேத்திகள் பிறக்கவில்லை. அந்த இடத்துக்கு இவள் போகிறாள்.

அந்த விசாவில் பொதுவாக ஐந்து வருடம் வரை இருக்கலாம், அதில் இருக்கும்வரை குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அங்கே பராமரிப்பாளருக்கான தேசியப் பரீட்சை சித்தியடைந்தால் தொடர்ந்து இருக்கலாம், குடும்பத்தையும் எடுக்கலாம். இவளுக்கு இப்போது இருபத்திரண்டு. ஐந்து வருடம் என்றால் இருபத்தேழு. எங்கள் கூம்பகத்திலும் ஒரு பட்டை கொஞ்சம் நீளம் குறைகிறது.

இலங்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2019இல் நாட்டில் பிறந்த குழந்தைகள் மூன்று இலட்சத்துக்கு மேல். 2023இல் இரண்டரை இலட்சத்துக்கும் குறைவு. நாலே வருடத்தில். 65 தாண்டியவர்கள் 2012இல் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் இருந்தார்கள், 2024இல் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மொத்தத் தொகை 2024 மதிப்பிலும் 2012ஐ விடக் கூடத்தான் இருந்தது. 2 கோடியே 17 இலட்சம். கொம்பறையில் பழைய நெல் இருக்கும் காலம் இது. ஜப்பான் 1970களிலும் 80களிலும் நின்ற இடத்தில் நாங்கள் நிற்கிறோம். ஒரு வித்தியாசம், ஜப்பான் அப்போது பணக்கார நாடாகிக்கொண்டிருந்தது. காப்புறுதி நடத்த அவர்களிடம் காசு இருந்தது. நாங்கள் 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்கள். எங்கள் கிராமங்களில் முதியோர் சங்கம் இருக்கிறது, மாதக் கொடுப்பனவுக்கு வரிசை இருக்கிறது. வரிசையில் நிற்பவரைக் கைபிடித்துக் கூட்டிவரும் ஆள்தான் வீட்டுக்கு வீடு குறைந்துகொண்டு போகிறது. ஒரு மகன் கனடாவில், ஒரு மகள் கொழும்பில், ஒருவர் இல்லை. காணி இருக்கிறது, வீட்டுத்திட்ட வீடு இருக்கிறது, முற்றத்தில் கதிரையில் அம்மா மட்டும் இருக்கிறா. என் ஒழுங்கையில் மட்டும் அப்படி மூன்று வீடு.

இவ்வளவையும் அவளுக்குச் சொல்ல இரண்டு பின்னேரம் எடுத்தது. கூம்பகத்தை முற்றத்து மணலில் ஈர்க்கால் கீறிக் காட்டினேன். தன்னுடைய பட்டை எது என்று கேட்டாள், காட்டினேன். அம்மம்மாவின் பட்டை எது என்று கேட்டாள். அதையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அங்க நான் பாக்கப்போறவை எல்லாம் இந்த வரியில இருக்கிற ஆக்கள்தானே சேர்" என்றாள்.

அடுத்த மாதம் அவளுக்கு மொழிப் பரீட்சை. பயணம் சரிவந்தால் அம்மம்மாவின் கிளினிக் கொப்பியை என்னிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். மாதத்தில் இரண்டாவது செவ்வாய். விடிய ஐந்தரைக்கே ஓட்டோ பிடித்துப் போனால்தான் முன் நம்பர் கிடைக்குமாம், பிரசர் குளிசையைச் சாப்பிட்ட பிறகுதான் கூட்டிப்போக வேண்டுமாம். இடது கையில் ஊசி போட விடமாட்டாவாம், அதையும் நேர்சிடம் சொல்லவேண்டுமாம்.